1550-ஐ 1455 ஆக்கப் போனேன்

போன மழைக்காலத்தில் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற கம்ப்யூட்டர் வியூக கேமில் ஜோசன் கொரியாவை எடுத்து ஆடிக்கொண்டிருந்தேன். 1560 தாண்டியதும் டெக், அதாவது தொழில்நுட்பத்தின், விலை ஏற ஆரம்பித்தது. மவுஸைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது: அச்சு இயந்திரம் என்ற இன்ஸ்டிடியூஷனை என் நாடு இன்னும் ஏற்கவில்லையாம், அதற்கு அபராதம். சிரிப்புதான் வந்தது. கொரியாவின் சொங்ஜுவில் ஒரு பௌத்தக் கோயிலில் 1377-லேயே உலோக எழுத்துக் கோத்து ஜிக்ஜி என்ற நூலை அச்சிட்டிருக்கிறார்கள். கேம் தொடங்கும் 1444-க்குப் பத்து வருடம் முன்னால், 1434-இல், செஜோங் மன்னர் புதிதாக ஒரு எழுத்து வரிசையே வார்க்கவைத்தார். அந்த நாட்டுக்கு அச்சு தெரியாது என்று 1560-இல் தண்டம்!

அன்றைக்கே ஆட்டத்தை மூடிவிட்டு கேம் ஃபைல்களைத் திறந்தேன். அப்புறம் நடந்த ஆறு வாரக் கூத்துதான் இந்தப் பதிவு.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த கேமில் நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம் என்று டெக் மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் 32 படி. ஒரு படி ஏற அடிப்படை விலை 600 புள்ளி. ஒவ்வொரு படிக்கும் ஒரு வருடம் குறித்திருக்கும். அதற்கு முன்னால் வாங்கினால் விலை கூடும். 2013-இல் கேம் வந்தபோது மேற்கத்தியர், இந்தியர், சீனர் என்று நாடுகளைக் குழு பிரித்து, மேற்கத்தியருக்கு மலிவாகவும் மற்றவர்களுக்கு விலை ஏற்றியும் கொடுத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. பிறப்பிலேயே மந்தம், அவ்வளவுதான். 2016 அக்டோபரில் வந்த பேட்சில் (அப்டேட்டில்) அதைத் தூக்கிவிட்டு இன்ஸ்டிடியூஷன் முறையைக் கொண்டுவந்தார்கள். மறுமலர்ச்சி 1450, காலனியாதிக்கம் 1500, அச்சு 1550, உலக வணிகம் 1600 என்று ஐம்பது வருடத்துக்கு ஒன்று எங்காவது ஒரு மாகாணத்தில் முளைக்கும், பக்கத்து மாகாணங்களுக்குப் பரவும். நாட்டில் போதுமான பகுதிக்கு வந்ததும் காசு கட்டி ஏற்றுக்கொள்ளலாம். ஏற்காதவர்களுக்கு டெக் விலை வருடாவருடம் ஏறும். பழைய முறைக்கு இது எவ்வளவோ தேவலை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1550? குட்டன்பெர்க் மைன்ஸ் நகரில் பைபிளை அடித்து முடித்தது 1455 வாக்கில். ஒரு நூற்றாண்டு தள்ளி வைத்திருக்கிறார்கள். முதல் நாள் நான் செய்தது அதனால் சின்ன வேலைதான். இன்ஸ்டிடியூஷன் ஃபைலில் 1550-ஐ 1455 ஆக்கினேன், பட்டியலில் அதன் இடத்தை மேலே ஏற்றினேன், முளைக்கும் இடமாக மைன்ஸை மட்டும் வைத்தேன். கன்சோலைத் திறந்து அப்சர்வ் கட்டளை கொடுத்தால் கம்ப்யூட்டரே எல்லா நாட்டையும் ஆடும், நாம் வேடிக்கை பார்க்கலாம். வேகத்தை ஐந்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் பெரிய அபத்தம். அச்சு ஒரு மைக்கறை மாதிரி மைன்ஸிலிருந்து பக்கத்து மாகாணம், அதற்குப் பக்கத்து மாகாணம் என்று ஊறியிருந்தது. வெனிஸுக்குப் போய்ச் சேரும் முன்பே ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் எல்லாம் அச்சு. தூரத்து நாடுகளுக்கோ அபராதம் ஒரு நூற்றாண்டு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அதாவது கொரியாவுக்கு நியாயம் கேட்கப் போய், 1560-இல் கட்டிய தண்டத்தை 1460-லேயே கட்டவைத்திருக்கிறேன்.

அப்போதுதான் 1550 என்று எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை என்று உறைத்தது. அது கண்டுபிடித்த வருடம் இல்லை. அச்சினால் நாடுகளுக்கிடையே வித்தியாசம் தெரிய ஆரம்பித்த காலம். கேமில் தேதி ஒன்றுதான் இருக்கிறது. வரலாற்றில் குறைந்தது மூன்று: யாரோ செய்துகாட்டிய நாள், அது ஊர் ஊராகப் போன நாள்கள், அதனால் ஓர் அரசுக்கு ஏதாவது ஆதாயம் வந்த நாள். தேதியை மாற்றுவது வேலைக்காகாது. பரவும் விதத்தை மாற்ற வேண்டும்.

உண்மையில் எப்படிப் போனது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 1460 வாக்கில் ஸ்ட்ராஸ்பர்க், பாம்பெர்க். 1465-இல் நடுவே உள்ள எல்லாவற்றையும் தாண்டி ரோமுக்குப் பக்கத்தில் சுபியாகோ மடம். 1469 வெனிஸ், 1470 பாரிஸ், 1476-இல் காக்ஸ்டன் என்ற அச்சாளர் மூலம் லண்டன் பக்கம் வெஸ்ட்மின்ஸ்டர். மைக்கறை மாதிரி ஊறவில்லை, வெட்டுக்கிளி மாதிரித் தாவியிருக்கிறது. தாவிய ஊர்களைப் பார்த்தால் ஒன்று சந்தை உள்ள ஊர், இல்லை பல்கலைக்கழகம் உள்ள ஊர், இல்லை கையில் காசுள்ள ஒரு மடம் அல்லது பிஷப் உள்ள ஊர். தாவியது இயந்திரமும் இல்லை, ஆள். எழுத்து வெட்டவும் வார்க்கவும் தெரிந்த ஜெர்மானியத் தொழிலாளி மூட்டை முடிச்சோடு கிளம்பியிருக்கிறான்.

இன்னொன்றும் அந்தத் தாளில் இருந்தது, அதுதான் என் மாட் (கேம் ஃபைல்களை நம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுவதற்கு அந்தப் பெயர்) மொத்தத்தையும் திருப்பிப் போட்டது. சுபியாகோவில் அச்சடித்த ஸ்வைன்ஹைம், பன்னார்ட்ஸ் இருவரும் பிறகு ரோமுக்குப் போனார்கள். 1472-இல் போப்பாண்டவருக்கு மனு போட்டிருக்கிறார்கள்: வீடு முழுக்க விற்காத அச்சுத்தாள் கிடக்கிறது, சாப்பாட்டுக்குத்தான் ஒன்றுமில்லை என்று. குட்டன்பெர்க்கே 1455-இல் கடன் கொடுத்த ஃபுஸ்டிடம் வழக்கில் தோற்றவர். ஆக அச்சு என்பது ஒரு நாடு வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் அறிவு இல்லை. அது ஒரு கடை. காகிதம் வேண்டும், ஆள் வேண்டும், வாங்க வருபவன் வேண்டும். இல்லையென்றால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குத் தெரிந்து எந்த வியூக கேமிலும் டெக் மூடப்படுவதில்லை. வாங்கினால் வாங்கியதுதான்.

சரி, கடையாகவே செய்வோம் என்று உட்கார்ந்தேன். மாகாணத்துக்கு 'அச்சுக்கூடம்' என்று ஒரு மாடிஃபையர், அதாவது அதன் மேல் ஒட்டும் ஒரு குறி. அது இருக்கும் இடத்தில் மட்டும் இன்ஸ்டிடியூஷன் வளரும். பக்கத்திலிருந்து ஊறிவரும் வேகத்தைக் கிட்டத்தட்ட பூஜ்யமாக்கினேன். அச்சுக்கூடம் திறக்க ஒரு ஈவென்ட் (கேம் தானாக நடத்தும் சம்பவம்), மூட ஒரு ஈவென்ட். வணிக மையமாக இருக்கும் மாகாணம் அல்லது பல்கலைக்கழக ஊர் என்றால் திறக்கலாம்.

இந்தப் பல்கலைக்கழக விஷயத்தில் ஒரு சிக்கல். கேமில் பல்கலைக்கழகம் என்பது நிர்வாக டெக்கில் பாதி தூரம் ஏறிய பிறகுதான் கட்ட முடிகிற கட்டடம். பொலோனாவும் பாரிஸும் கொலோனும் கேம் தொடங்கும்போதே பல்கலைக்கழக ஊர்கள், ஆனால் வரைபடத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. வேறு வழியில்லாமல் ஊர் ஊராகக் கையால் குறியிட்டேன். சுபியாகோ வரைபடத்திலேயே இல்லை, அதை ரோமில் சேர்த்தாயிற்று.

அடுத்த ராத்திரிதான் பெரிய அடி. ஈவென்ட்டுக்கு நடக்கும் காலம் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். மாட் செய்பவர்கள் எம்டிடிஎச் என்பார்கள். சராசரியாகப் பத்து வருடத்துக்கு ஓர் ஊரில் கடை திறக்கட்டும் என்று 120 மாதம் போட்டேன். காலையில் சேவ் ஃபைலைத் திறந்தால் 1470-க்குள் தகுதியுள்ள ஊர்களில் முக்கால்வாசியில் அச்சுக்கூடம்! இலக்கணப் பிழை ஏதாவது இருக்குமோ என்று ஒரு மணி நேரம் அடைப்புக்குறிகளை எண்ணினேன். (இந்த ஸ்கிரிப்டில் ஒரு நெளிவு அடைப்பு விட்டுப்போனால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சத்தமில்லாமல் செத்துவிடும், அதனால் அந்தப் பழக்கம்.) எல்லாம் சரியாகவே இருந்தது. தப்பு கணக்கில். அந்த 120 மாதம் மொத்த உலகத்துக்கு இல்லை, ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனியாக. தகுதியுள்ள மாகாணம் 40 என்றால் 40 பேரும் ஒரே நேரத்தில் சீட்டு குலுக்குகிறார்கள். முதல் சீட்டு மூன்று மாதத்திலேயே விழுந்துவிடும். இரண்டு கடைக்கு நடுவே பத்து வருடம் இருக்கும் என்று நினைத்தது என் தப்பு; உண்மையில் பத்து வருடம் முடியும்போது பாதி ஊரில் கடை இருக்கும்.

எம்டிடிஎச்சை விட்டுவிட்டு, வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நாட்டுக்கும் அடிக்கும் மணி ஒன்று கேமில் இருக்கிறது, அதில் தொங்கவிட்டேன். வருடம் பிறந்தால் ஒவ்வொரு நாடும் ஒரு சீட்டு எடுக்கும்: 100-க்கு 4 விழுந்தால், ஏற்கெனவே உள்ள அச்சுக்கூடத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் தகுதியுள்ள ஓர் ஊரில் கடை திறக்கும். இதில் ஒரு குறை தெரிந்தே இருந்தது. பிரான்ஸ் எவ்வளவு பெரிய நாடானாலும் ஒரே சீட்டு; ஜெர்மனியில் துண்டு துண்டாகக் கிடக்கும் குட்டி அரசு ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. பிறகு சரிசெய்யலாம் என்று விட்டேன். ஓடவிட்டுப் பார்த்தபோது ஜெர்மனியிலும் வட இத்தாலியிலும் கடைகள் குவிந்து, பிரான்ஸில் நாலைந்து பெரிய ஊரில் மட்டும் நின்றது. பழைய அச்சக வரைபடம் எதைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஒருவன் விரட்டினால் இன்னொருவன் கூப்பிடுவான் என்ற நிலைமை இருந்த இடங்களில்தானே அச்சுக்காரன் பிழைத்தான்? அந்தக் குறையைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டேன்.

போர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1462-இல் நாசாவ் என்ற ஜெர்மன் பிரபு குடும்பத்து அடோல்ஃபின் படை மைன்ஸைப் பிடித்துச் சூறையாடியது. அச்சுத் தொழிலாளிகள் சிதறி ஓடினார்கள், போன இடமெல்லாம் தொழிலைக் கொண்டுபோனார்கள். கேமில் போர் என்றால் அழிவு, வளர்ச்சி நிற்கும், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் என்றால், அச்சுக்கூடம் உள்ள ஊர் எதிரி கையில் விழுந்தால் அங்கே கடை மூடும். ஆனால் அடுத்த பத்து வருடத்துக்குச் சுற்றியுள்ள நாடுகளின் சீட்டு 100-க்கு 4-லிருந்து 12 ஆகும். 1462 என்று வருடத்தை எழுதி வைக்கவில்லை. ஓர் ஓட்டத்தில் மைன்ஸை யாரும் தொடவே இல்லை. 1480 வரைக்கும் அச்சு ரைன் கரையிலேயே உட்கார்ந்திருந்தது. பார்க்க எரிச்சலாக இருந்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

நடுவில் ஒரு மாலை முழுக்க ஒன்றுமில்லாத விஷயத்தில் போயிற்று. ஈவென்ட் ஜன்னலில் நான் எழுதிய வாக்கியத்துக்குப் பதிலாக ஃபைலில் உள்ள குறிச்சொல்லே வந்து நின்றது. கேம் எழுத்துக்களைப் படிக்கும் லோக்கலைசேஷன் ஃபைலை யூடிஎஃப்-8-இல், அதுவும் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் முன்னால் இருக்கும்படி சேமிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் ஃபைல்களுக்கோ அது கூடாது. என் எடிட்டர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சேமித்துக்கொண்டிருந்தது. சேமிக்கும் விதத்தை மாற்றியதும் வாக்கியம் வந்துவிட்டது. சரி, தமிழிலேயே எழுதிப் பார்ப்போமே என்று எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறி. கேமின் எழுத்துருவில் தமிழுக்கு இடம் இல்லை.

இதற்குள் தம்பிக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தேன். அவன் விஜயநகரத்தில் ஆடுகிறவன். இரண்டே நாளில் போன்.

"அண்ணே, 1474. எனக்கு அச்சு வந்துடுச்சு."

"எப்படிடா? கடையே ரோமைத் தாண்டலையே."

"ஒரே மாகாணத்துல புள்ளியைக் கொட்டிக்கிட்டே இருந்தேன். தானா நிரம்பிடுச்சு."

ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழிதான் இது, நான்தான் மறந்துவிட்டேன். மன்னரின் புள்ளிகளைக் கொட்டி ஒரு மாகாணத்தை வளர்த்தால், வளர்க்கும் ஒவ்வொரு தடவையும் அங்கே வராத இன்ஸ்டிடியூஷன் கொஞ்சம் நிரம்பும். ஐரோப்பாவை யாரும் பார்த்தே இராத ஓர் ஊரில் அதைக் கொண்டு மறுமலர்ச்சியையே வரவழைக்கலாம். கேமின் அடிப்படை எண்கள் இருக்கும் டிஃபைன்ஸ் ஃபைலில் இதற்கென்று ஓர் எண் இருக்கிறது. அதைக் கால்வாசி ஆக்கினேன். ஆனால் அந்த எண் எல்லா இன்ஸ்டிடியூஷனுக்கும் பொது. அச்சுக்கு மட்டும் மூட வழியில்லாததால் மறுமலர்ச்சியும் ஆசியாவுக்கு எட்டாக்கனியாகிவிட்டது. தம்பிக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது.

கிழக்காசியாவுக்கு வருகிறேன், இந்த வேலையைத் தொடங்கியதே அதற்காகத்தான். கொரியாவுக்கு 1444-லேயே 'அரச வார்ப்பகம்' என்று தனி மாடிஃபையர் கொடுத்தேன்: நிர்வாகச் செலவு குறையும், ஆனால் கடை மாதிரி வெளியே தாவாது. அங்கே எழுத்து வார்த்தது அரண்மனை; அச்சிட்டது அதிகாரிகளுக்கும் அறிஞர்களுக்கும் போகிற பிரதிகள்; சந்தைக்கு இல்லை. சீனாவில் கதை வேறு. களிமண் எழுத்தை பி ஷெங் செய்துபார்த்தது 1040-களில். பிறகும் மரப்பலகையில் செதுக்குவதே அங்கே லாபம், ஏனென்றால் ஆயிரக்கணக்கான எழுத்துகளை வார்த்து, அடுக்கி, தேடி எடுப்பதைவிட ஒரு பக்கத்தை முழுசாகச் செதுக்கி வைத்துக்கொண்டு வேண்டும்போது நூறு பிரதி போடுவது சுலபம். ஃபூஜியான் மாகாணத்து ஜியன்யாங்கில் மலிவு விலைப் புத்தகம் அடிப்பதே ஊர்த்தொழில். புத்தகச் சந்தை வைத்திருக்கும் மிங் அரசுக்கு 'உனக்கு அச்சு வரவில்லை' என்று தண்டம் போடுவதற்கு எனக்குக் காரணமே தெரியவில்லை. எடுத்துவிட்டேன். மிங் கொஞ்சம் அதிக பலமாகிவிட்டது என்பது உண்மை. அதை வேறு எங்காவது குறைத்துக்கொள்ளட்டும், இல்லாத அறியாமையைச் சொல்லிக் குறைக்க வேண்டாம்.

உதுமானியப் பேரரசுக்கு முதலில் பூஜ்யம் போட்டிருந்தேன். இஸ்தான்புல்லில் துருக்கி மொழி அச்சகம் வைத்த முத்தஃபரிக்கா அனுமதி வாங்கியது 1727, முதல் நூலாக ஓர் அகராதியை வெளியிட்டது 1729 என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. பிறகு பார்த்தால் அதே நகரில் ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்கள் 1493-லேயே எபிரேயத்தில் அச்சிட்டிருக்கிறார்கள், 1567-இல் ஆர்மீனியரும். ஒரே தெருவில் ஒரு லிபிக்குக் கடை உண்டு, இன்னொரு லிபிக்கு இரண்டு நூற்றாண்டு கழித்து. கேமில் ஒரு மாகாணத்துக்கு ஒரே பதில்தான், உண்டு அல்லது இல்லை. பாதி வேகம் என்று போட்டேன். இந்த மாட்டில் எனக்கே திருப்தி இல்லாத இடம் இது.

மூடும் ஈவென்ட்டைச் சோதிக்க எனக்குக் கைகொடுத்தது நம்ம கரைதான். 1556-இல் கோவாவுக்கு வந்த அச்சு இயந்திரம் எத்தியோப்பியாவுக்குப் போக வேண்டியது. வழியில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. 1578-இல் கொல்லத்தில் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பாதிரியாரின் தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கம், தமிழ் எழுத்தில். அடுத்த வருடம் கொச்சியில் இன்னொன்று. இதோடு கேமாக இருந்தால் தென்னிந்தியாவுக்கு அச்சு 'கிடைத்துவிட்டது', கணக்கு முடிந்தது. உண்மையில் அது விட்டு விட்டு எரிந்த விளக்கு. 1712-இல் தரங்கம்பாடிக்கு இங்கிலாந்திலிருந்து வேறொரு இயந்திரம் வர வேண்டியிருந்தது. அதோடு வந்த அச்சாளர் வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், அங்கே இருந்த சீகன்பால்க் பாதிரியார் காலத்திலேயே இங்கே சின்ன எழுத்து வார்த்தார்கள்; பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். 1578-இல் தொடங்கியதை 1712-இல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

அதனால் மூடும் விதி இப்படி: கடை உள்ள மாகாணம் வணிக மையமும் இல்லை, பல்கலைக்கழகக் குறியும் இல்லை, பக்கத்தில் காகிதம் விளைபொருளாக உள்ள மாகாணமும் இல்லை என்றால் வருடத்துக்கு 100-க்கு 8 வாய்ப்பு, ஷட்டர் கீழே. ஒன்று மட்டும் என் கைக்கு மீறியது. ஒரு மாகாணத்தில் இன்ஸ்டிடியூஷன் 100 தொட்டுவிட்டால் அது தானாக இறங்குவதில்லை. கேமின் எலும்பே அப்படி. 100-க்கு முன்னால் மூடினால் அந்த இடத்தில் நிற்கும், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கடைசியாக ஓடவிட்டது ஆறாவது ஓட்டம். வெனிஸில் 1471-இல் கடை, பாரிஸில் 1468, லண்டனில் 1490 தாண்டி. கோவாவை போர்ச்சுகல் பிடிக்கவே இல்லை, ஸ்பெயின் பக்கத்துக் கஸ்தீல் அரசு பிடித்தது. அங்கே 1563-இல் திறந்து 1577-இல் மூடிவிட்டது. கொரியாவுக்குத் தண்டம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு ஃபோல்டரை ஜிப் போட்டுத் தம்பிக்கு அனுப்பினேன். நேற்று ராத்திரி மறுபடி அவன்.

"அண்ணே, தஞ்சாவூர்ல கடை திறந்துச்சு, மூணு வருஷத்துல மூடிட்டான். நான் என்ன பண்ணணும்?"

"காகித ஆலை கட்டு."

"மாட்ல காகித ஆலையே இல்லையே."

இல்லைதான். இந்த வாரம் அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.